தீவுகளுக்கிடையே படகில் இருந்தபடி அலுவலக வேலை பார்க்க முடியுமா?

பினாங்கில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு எழுதும் பதில் இது. அவரிடம் 36 அடி நீளப் பாய்மரப் படகு இருக்கிறது. டிசம்பரில் தொடங்கி மூன்று மாதம், மனைவியோடும் மகளோடும் லங்காவியிலிருந்து புறப்பட்டு, தாய்லாந்தின் மேற்குக் கரைத் தீவுகள் வழியாகப் புக்கெட் வரை போக விரும்புகிறார். முடிந்தால் அங்கிருந்து அந்தமானுக்கும் போக ஆசை. வேலையை விட முடியாது. தினமும் இரண்டு காணொளிக் கூட்டங்கள் உண்டு. செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் சிறிய தட்டுக் கருவியைக் குறிப்பிட்டு, "ஸ்டார்லிங்க் மினி ஒன்று வாங்கிவிட்டால் போதுமா?" என்று கேட்டு முடித்திருக்கிறார். எந்தக் கருவி வாங்குவது என்பதை விட, அலுவலகத்துக்குக் கொடுத்த வாக்கைக் கடலில் இருந்துகொண்டே காப்பாற்ற முடியுமா என்ற கவலைதான் அந்தக் கேள்வி முழுவதிலும் தெரிகிறது. அதற்கே பதில் சொல்கிறேன். லங்காவி முதல் புக்கெட் வரை முடியும். ஆனால் எந்த விரிகுடாவில் நங்கூரமிடுவது என்பதை வேலை நாட்களில் உங்கள் அலுவலகம்தான் தீர்மானிக்கும். அந்தமான் பயணத்துக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கப்பல் ரேடியோ அலுவலராகப் பயிற்சி பெற்றவன். மோர்ஸ் தந்தி முடிவுக்கு வந்து, 1999 பிப்ரவரியில் உலகக் கடல் அபாயத் தொடர்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்த மாற்றத்தைக் கப்பலில் இருந்தே பார்த்தேன். பிறகு பல ஆண்டுகளாக இந்தக் கடற்பகுதியில் பாய்மரப் படகுகளுக்கு மின்சாரமும் தொலைத்தொடர்பும் அமைத்துத் தருகிறேன். கீழே சொல்வதில் இயற்பியல் சார்ந்தவை உறுதியானவை. நிறுவனங்களின் திட்டங்கள், நாடுகளின் உரிம விதிகள் பற்றிச் சொல்வதைப் புறப்படும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவை ஆறு மாதத்தில் மாறிவிடக்கூடியவை.

முதலில் சாதாரண செல்பேசி இணைப்பு. இந்தப் பாதையில் உங்கள் முதுகெலும்பு அதுதான், செயற்கைக்கோள் இல்லை. லங்காவி, கோ லிபே, கோ லந்தா, பி பி, புக்கெட் எல்லாமே மக்கள் வாழும், சுற்றுலாப் பயணிகள் குவியும் தீவுகள். அங்கெல்லாம் கோபுரங்கள் இருக்கின்றன. கடல் நீர்ப்பரப்பில் அலைவரிசைக்குத் தடை எதுவும் இல்லை என்பதால், நகரத்துக்குள் எட்டாத தூரத்துக்கெல்லாம் கடலில் எட்டும். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அதன் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். கடல் மட்டத்திலிருந்து 50 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோபுரத்துக்கு அது ஏறத்தாழ 29 கிலோமீட்டர். தளத்தில் உங்கள் கையில் இருக்கும் செல்பேசிக்கு 6 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 35. அதே ஆன்டெனாவை 16 மீட்டர் பாய்மர உச்சிக்குக் கொண்டுபோனால் மொத்தம் 45 கிலோமீட்டர். இது மிகச் சாதகமான நிலையில் வரும் எல்லை. காணொளிக் கூட்டம் நடத்த இதில் பாதித் தூரத்தைக்கூட நம்பக்கூடாது.

ஏன் நம்பக்கூடாது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். செல்பேசியின் மூலையில் தெரியும் கோடுகள், கோபுரத்தின் குரல் உங்களுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும் காட்டுகின்றன. உங்கள் குரல் கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பதை அவை சொல்வதில்லை. கோபுரம் பல பத்து வாட் சக்தியில் பேசுகிறது. உங்கள் செல்பேசியால் அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பேச முடியும். அதனால் கரையிலிருந்து விலகும்போது முதலில் சாவது பதிவேற்றம். எல்லோர் முகமும் உங்களுக்குத் தெளிவாகத் தெரியும். உங்கள் குரல் மட்டும் அவர்களுக்கு வெட்டி வெட்டிக் கேட்கும். அலுவலகக் கூட்டத்துக்கு வேண்டியது பதிவேற்றம்தான். ஆகவே நங்கூரமிட்டதும் வேகச் சோதனை செய்யும்போது பதிவேற்றத்தைக் காட்டும் இரண்டாவது எண்ணைப் பாருங்கள். பதிவேற்றம் தொடர்ந்து நொடிக்கு 2 மெகாபிட்டுக்கு மேல் நின்றால் முகம் காட்டிப் பேசலாம். அரை மெகாபிட் இருந்தால் கேமராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் கலந்துகொள்ளலாம். அதற்கும் கீழே போனால் நங்கூரத்தை எடுத்துவிட்டு இடம் மாறுவதுதான் வழி.

கோடுகளை விட்டுவிட்டு, அலைவரிசையின் பலத்தைக் காட்டும் டெசிபல் எண்ணைப் பார்க்கப் பழகிக்கொள்வதும் நல்லது. ஆண்ட்ராய்டு செல்பேசியில் சிம் நிலை என்ற பகுதியில் அது இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று அழைத்தால் சோதனைத் திரை திறக்கும். 4ஜி இணைப்பில் மைனஸ் 80 என்றால் அருமை, மைனஸ் 100 என்றால் வேலை நடக்கும், மைனஸ் 110ஐத் தாண்டினால் கூட்டத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். படகு நங்கூரத்தைச் சுற்றி ஊசலாடும். அலையும் காற்றும் மாறும்போது இதே எண் ஐந்தாறு டெசிபல் ஏறி இறங்குவதைப் பார்ப்பீர்கள். மூன்று டெசிபல் குறைந்தாலே சக்தி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். அந்த ஊசலாட்டத்துக்கு இடம் விட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அப்படியானால் ஆன்டெனாவை உச்சியில் கட்டிவிடலாமே என்று தோன்றும். கட்டலாம், ஆனால் கேபிளில் கவனம் வேண்டும். ரூட்டரைக் கீழே அறைக்குள் வைத்துவிட்டு, 20 மீட்டர் கேபிளில் ஆன்டெனாவை மேலே ஏற்றினால், செல்பேசி அலைவரிசைகளில் தடித்த நல்ல கேபிளிலேயே பாதிக்கு மேல் சக்தி வழியில் கரைந்துவிடும். மெல்லிய கேபிளாக இருந்தால் மிஞ்சுவது மிகச் சொற்பம். உயரத்தால் கிடைத்த லாபம் கேபிளோடு போய்விடும். மழைநீர் புகாத உறைக்குள் ரூட்டரும் ஆன்டெனாவும் சேர்ந்தே இருக்கும் கருவிகள் கிடைக்கின்றன. அதை மேலே பொருத்தி, கீழே நெட்வொர்க் கம்பி ஒன்றை மட்டும் இறக்கி, அதிலேயே மின்சாரத்தையும் அனுப்புவதுதான் சரியான அமைப்பு. உச்சி வரை ஏற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை. பாய்மரத்தின் முதல் குறுக்குக் கம்பி உயரமே உங்கள் பயணத்துக்குப் போதும். பழுது பார்க்க ஏறுவதும் எளிது.

மலேசிய சிம், தாய்லாந்து சிம் இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் ஏஐஎஸ், ட்ரூ என்ற இரண்டு பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. மூன்றாவதாக இருந்த டிடாக் நிறுவனம் 2023 மார்ச்சில் ட்ரூவோடு இணைந்துவிட்டது. என் பரிந்துரை, இரண்டிலும் ஒவ்வொரு சிம் என்பதே. ஒரு விரிகுடாவில் ஒன்றுக்குச் செத்துப்போன இணைப்பு மற்றொன்றுக்கு முழுமையாகக் கிடைப்பது அடிக்கடி நடக்கும், ஏனெனில் கோபுரங்கள் இருக்கும் மலைகள் வேறு வேறு. லங்காவிக்கும் லிபேவுக்கும் இடையே பாதி நாள் பயணம்தான். அந்த எல்லைக் கடலில் செல்பேசி தானாகவே அடுத்த நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு ரோமிங் கட்டணத்தை ஏற்றிவிடும். கடக்கும்போது ரோமிங்கை அணைத்துவையுங்கள். "வரம்பில்லாத இணையம்" என்று விற்கப்படும் திட்டங்கள் பலவற்றில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருக்கிறது. ரூட்டரில் போட்டால் அந்த வரம்புதான் உங்களுக்குப் பொருந்தும். ஒரு மணி நேரக் காணொளிக் கூட்டம் ஒரு ஜிகாபைட்டோ அதற்கு மேலோ விழுங்கும் என்று வைத்துக் கணக்கிடுங்கள். கணினியின் தானியங்கிப் புதுப்பிப்புகளையும், செல்பேசிப் படங்கள் மேகச் சேமிப்புக்குப் போவதையும் நிறுத்திவையுங்கள். ஒரே இரவில் ஒரு மாதத்துக்கான அளவு தீர்ந்துபோனதாக என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இவை இரண்டுமே காரணமாக இருந்தன.

கோபுரம் அருகில் இருந்தும் இணைப்பு கிடைக்காத இடங்கள் இந்தப் பாதையில் உண்டு, அவைதான் மிக அழகான இடங்களும். லங்காவியின் வடகிழக்கில் கிலிம் ஆற்றுச் சதுப்புநிலக் காடு, தெற்கே டாயாங் பூந்திங் அருகே செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே இருக்கும் கால்வாய்கள், பாங் ங்கா விரிகுடாவில் கோ ஹோங், கோ பனாக் போன்ற சுண்ணாம்புக்கல் தீவுகளின் மடி, இங்கெல்லாம் பாறைச்சுவர் அலைவரிசையை மறித்துவிடும். இருநூறு மீட்டர் நகர்ந்தால் இணைப்பு திரும்பிவிடும், ஆனால் காற்றுக்கு மறைவான இடமும் அதோடு போய்விடும். சிமிலான், சுரின் போன்ற தொலைவான பூங்காத் தீவுகளில் செல்பேசியை நம்பி எந்த வேலைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவற்றை வார இறுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்கு அந்த இரண்டு நாட்களும் முழுக்க அப்பா கிடைப்பார்.

இப்போது ஸ்டார்லிங்க். பழைய செயற்கைக்கோள் இணையம் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கும் செயற்கைக்கோள்களை நம்பியிருந்தது. ஒளியின் வேகத்தில் போனாலும் கேள்வி போய் விடை வர அரை நொடி ஆகும். உரையாடலில் இருவரும் ஒரே நேரத்தில் பேசி இடித்துக்கொள்வார்கள். ஸ்டார்லிங்க் கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுகின்றன. தாமதம் நகரத்து இணையத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. காணொளிக் கூட்டம் இயல்பாக நடக்கிறது. படகு ஆடினாலும் திரும்பினாலும் தட்டு மின்னணு முறையிலேயே கோளைத் தொடரும். கடலில் நான் பார்த்த தொழில்நுட்ப மாற்றங்களில் இவ்வளவு பெரியது வேறில்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அதன் எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு அகன்ற வானம் வேண்டும். பாய்மரமும் கம்பிகளும் குறுக்கே வந்தால் சில நொடி வெட்டுகள் வரும். கோப்பு இறக்குபவருக்கு அது தெரியாது, பேசிக்கொண்டிருப்பவருக்குத் தெரியும். படகின் பின்பக்கச் சட்டத்தில், சோலார் பலகைகளுக்கு மேலே பொருத்துவதுதான் பெரும்பாலான படகுகளில் சிறந்த இடம். பாறைச்சுவர்களுக்கு இடையே செல்பேசி தோற்கும் இடத்தில் ஸ்டார்லிங்கும் தடுமாறும். அந்த மடிகளில் அது மாற்றுவழி ஆகாது. கனமழை அதன் அலைவரிசையைத் தின்றுவிடும். நீங்கள் போகும் வாடைக்காற்றுக் காலம் இந்தக் கரையில் பெரும்பாலும் வறண்ட காலம் என்பதால் இது பெரிய சிக்கல் இல்லை. ஆனால் மலாக்கா நீரிணையின் விடியற்காலைச் சூறைகள் எந்த மாதத்திலும் எட்டிப்பார்க்கலாம். இன்னொன்று, முழு அமைப்பும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 2025 ஜூலை 24 அன்று மென்பொருள் கோளாறால் உலகம் முழுவதும் சுமார் இரண்டரை மணி நேரம் ஸ்டார்லிங்க் நின்றுபோனது. அன்றைக்குக் கையில் சிம் வைத்திருந்தவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் எல்லாவற்றுக்கும் அடிப்படையான விஷயம் மின்சாரம். இணைப்பு போய்விட்டது என்று என்னை அழைக்கும் படகுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் பழுது பேட்டரியில்தான் இருக்கும். ஸ்டார்லிங்கின் வழக்கமான பெரிய தட்டு 75 முதல் 100 வாட் எடுக்கும். 75 என்றே வைத்து இரவு பகலாக ஓட்டினால் 1800 வாட்-மணி; 12 வோல்ட்டில் அது, பேட்டரியின் அளவைச் சொல்லும் கணக்கில், 150 ஆம்பியர்-மணி. உங்கள் அளவுள்ள படகில் குளிர்சாதனப் பெட்டி நாளொன்றுக்கு எடுப்பதைப் போல இரண்டு மூன்று மடங்கு. மினி தட்டு 25 முதல் 40 வாட்தான். 30 வாட் என்று கொண்டால் நாள் முழுக்க 60 ஆம்பியர்-மணி. வேலை நேரமான எட்டு மணிக்கு மட்டும் இயக்கினால் 20 ஆம்பியர்-மணி. அதனால்தான் உங்களுக்கு மினி சரியான தேர்வு என்கிறேன். அதன் விலையோ எடையோ எனக்கு இரண்டாம்பட்சம். மடிக்கணினி, செல்பேசி ரூட்டர், இரவு நங்கூர விளக்கு எல்லாம் இதற்கு மேல் வரும்.

400 வாட் சோலார் பலகை இந்த அட்சரேகையில் தெளிந்த நாளில் 1600 வாட்-மணிக்குக் குறையாமல் தர வேண்டும். தராது. பாயின் அடிவிளிம்பைப் பிடித்திருக்கும் பாய்க்கழியின் நிழல் ஒரு பலகையின் ஓரத்தில் விழுந்தாலே அந்தப் பலகையின் உற்பத்தி பெருமளவு விழுந்துவிடும். நங்கூரமிட்டிருக்கும்போது பாய்க்கழியைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டிவையுங்கள். பலகைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால், ஒன்றின் நிழல் மற்றதைப் பாதிக்காது. ஈய-அமில பேட்டரி என்றால் எழுதியிருக்கும் அளவில் பாதியைத்தான் உங்களுடையதாக நினைக்க வேண்டும். மினி தட்டு 12 முதல் 48 வோல்ட் நேர் மின்சாரத்தை நேரடியாகவே ஏற்கும். இன்வெர்ட்டரில் 230 வோல்ட்டாக மாற்றி, திரும்ப அடாப்டரில் இறக்குவது வீண் இழப்பு. ஆனால் 12 வோல்ட்டில் நீண்ட மெல்லிய கம்பி இழுத்தால் தட்டுக்குப் போய்ச் சேரும்போது வோல்ட் விழுந்து அது அணைந்து அணைந்து எரியும். தடித்த, வெள்ளீயம் பூசிய செப்புக்கம்பி போடுங்கள். பூசாத கம்பி உப்புக்காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும்.

இனிச் சட்டம். மலேசியாவில் ஸ்டார்லிங்க் 2023இல் உரிமம் பெற்றுச் சேவை தருகிறது. லங்காவி நீரில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. தாய்லாந்தில் 2025 நிலவரப்படி பொதுமக்களுக்கான சேவை தொடங்கவில்லை. நங்கூரத் துறைகளில் பல படகுகளின் பின்புறத்தில் அந்த வெள்ளைத் தட்டைப் பார்ப்பீர்கள், அவர்களுக்கு இணைப்பும் கிடைத்துக்கொண்டிருக்கும். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உரிமம் இல்லாத நாடுகளில் தொடர்ந்து பயன்படுத்துபவர்களின் இணைப்பைத் துண்டிக்கப்போவதாக 2024 ஏப்ரலில் நிறுவனமே வாடிக்கையாளர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. மூன்று மாத வேலையை அப்படிப்பட்ட இணைப்பின் மேல் கட்டுவது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. தாய்லாந்து நீரில் சிம்களை முதன்மையாக வைத்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள். தட்டைப் பயன்படுத்தலாமா என்று புறப்படும் முன் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பயணிகளுக்கான திட்டங்கள் சொந்த நாட்டுக்கு வெளியே எத்தனை நாள், கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரம்பு வைக்கின்றன. நடுக்கடல் பயன்பாட்டுக்குக் கட்டணம் வேறு. இந்த விதிகளைத் தான் அடிக்கடி மாறுபவை என்று மேலே குறிப்பிட்டேன்.

அந்தமான் முற்றிலும் வேறு உலகம், இதில் எந்த மழுப்பலும் இல்லாமல் சொல்கிறேன். இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் துரையா, இரிடியம் செயற்கைக்கோள் தொலைபேசிகளை வைத்திருப்பதே குற்றம். 2008 மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதிகள் செயற்கைக்கோள் தொலைபேசியைப் பயன்படுத்தினார்கள். அதற்குப் பிறகு இந்தியக் கடற்பகுதிக்குள் வரும் கப்பல்களுக்கும் இதில் கட்டுப்பாடு இறுகியது. மலையேறுபவர்கள் கையில் வைத்திருக்கும் கார்மின் இன்ரீச் போன்ற சிறு செய்திக் கருவிகூட இரிடியத்தைத்தான் பயன்படுத்துகிறது. அதை வைத்திருந்ததற்காக இந்திய விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகள் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஸ்டார்லிங்குக்கு இந்திய அரசு 2025இல் உரிமம் வழங்கியது; ஆனால் உரிமம் நிறுவனத்துக்குத்தானே தவிர, வெளிநாட்டுக் கணக்கோடு வரும் உங்கள் தட்டுக்கு இல்லை. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் இந்தியக் கடலோரக் காவல்படை மடக்கிய மியான்மர் படகு ஒன்றில் ஏறத்தாழ ஆறு டன் போதைப்பொருளோடு ஸ்டார்லிங்க் கருவியும் இருந்தது. அந்தத் தீவுகளில் அதிகாரிகள் ஒரு தட்டைக் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். போவதென்றால் தட்டை லங்காவியில் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போங்கள். ஏதாவது செயற்கைக்கோள் கருவி படகில் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தால், வருவதற்கு முன்பே அனுமதி கேட்டு, வந்ததும் முதல் வேலையாக அறிவித்து, அவர்கள் முத்திரையிடச் சொன்னால் முத்திரையிட்டு வையுங்கள்.

அந்தமானில் இணையமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும், ஹேவ்லாக் என்று நாம் அறிந்த ஸ்வராஜ் தீவு, கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் உட்பட மேலும் ஏழு தீவுகளுக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடி இழைக் கேபிள் போடப்பட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அதற்கு முன் தீவுகள் செயற்கைக்கோளின் குறுகிய கொள்ளளவை நம்பி இருந்தன. இப்போது போர்ட் பிளேரில் இந்திய சிம் ஒன்றோடு நல்ல இணைப்பு கிடைக்கும். ஆனால் கேபிள் வந்து ஏறும் ஊர்களை விட்டு விலகி ஆளில்லாத விரிகுடாக்களுக்குப் போனால் ஒன்றும் கிடையாது. படகில் போகிறவர்கள் தேடிப் போவதே அந்த விரிகுடாக்களைத்தான். புக்கெட்டிலிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ 400 கடல் மைல். உங்கள் படகுக்கு மூன்று நாள், இரவிலும் ஓட்டம். பினாங்கில் காலை 9 மணிக் கூட்டம் அங்கே 6.30க்கு. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்துத்தான் விடுப்பு எடுங்கள் என்கிறேன்.

நடுக்கடலுக்கு இரிடியம் வாங்கலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். 66 செயற்கைக்கோள்கள், உலகில் எங்கும் கிடைக்கும், நம்பகமானது. ஆனால் அதன் பழைய தரவு வேகம் நொடிக்கு 2.4 கிலோபிட். 60 கிலோபைட் காற்று முன்னறிவிப்புக் கோப்பு மூன்றரை நிமிடத்தில் வந்துவிடும்; 2 மெகாபைட் இணையப் பக்கம் ஒன்று திறக்கக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். வானிலைக்கும் ஆபத்துச் செய்திக்கும் அது பொன், அலுவலகத்துக்கு உதவாது. லங்காவி-புக்கெட் பாதையில் நீங்கள் கரையை விட்டு ஒரு பகல் தூரத்துக்கு மேல் விலகப்போவதில்லை. அங்கே அது தேவையில்லை. அந்தமானுக்கோ அதைக் கொண்டுபோகவே கூடாது.

இணையத்தையும் உயிர்ப் பாதுகாப்பையும் தயவுசெய்து ஒன்றாகக் கட்டாதீர்கள். ரேடியோ அலுவலராக இதை மட்டும் வற்புறுத்திச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். வாட்ஸ்ஆப் செய்தி ஒருவருக்குத்தான் போகும், வி.எச்.எஃப். ரேடியோவின் 16ஆம் சேனலில் கூப்பிட்டால் சுற்றியிருக்கும் எல்லாப் படகுகளுக்கும் கேட்கும், உதவிக்கு முதலில் வரப்போகிறவர்கள் அவர்கள்தான். நிலையான ரேடியோவில் உங்கள் படகின் அடையாள எண் பதிவாகி, ஜி.பி.எஸ். இணைக்கப்பட்டிருந்தால், சிவப்புப் பொத்தானை அழுத்தியதும் 70ஆம் சேனல் வழியாக இருப்பிடத்தோடு அபாயச் செய்தி போகும். உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் அந்தப் பொத்தானைக் காட்டிக்கொடுங்கள். கடலில் விழுந்தவர் நீங்களாகவே இருக்கலாம். செயற்கைக்கோள் வழியாக மீட்புக் குழுவை அழைக்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாயச் சமிக்ஞைக் கருவி ஒன்று வாங்கி, அதை முறையாகப் பதிவு செய்து, பேட்டரியின் காலாவதி ஆண்டைப் பாருங்கள். ஸ்டார்லிங்க் வாங்கிய பிறகு இதற்குப் பணம் மிஞ்சவில்லை என்றால் ஸ்டார்லிங்கைத் தள்ளிப்போடுங்கள். வரைபடங்கள் முழுவதையும் இணையம் இல்லாமலே திறக்கும்படி முன்கூட்டியே இறக்கி, இரண்டு கருவிகளில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடி மின்னல் பற்றியும் ஒரு வார்த்தை. மலாக்கா நீரிணை உலகிலேயே மின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று. மேகம் திரளும்போது தட்டின் கம்பியையும் ரூட்டரின் கம்பியையும் கழற்றிவிடுங்கள். கையடக்க ரேடியோவையும் ஒரு செல்பேசியையும் சமையல் அடுப்பின் இரும்புப் பெட்டிக்குள் வைக்கும் பழக்கம் படகுக்காரர்களிடம் இருக்கிறது. உலோகப் பெட்டி மின்புலத்தைத் தடுக்கும் என்பது சரிதான். நேரடியாக மின்னல் இறங்கிய படகில் அது எவ்வளவு காப்பாற்றும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. செலவில்லாத வேலை, செய்துவிடலாம்.

அலுவலகத்தோடு பேசும்போது "எப்போதும் இணைப்பில் இருப்பேன்" என்று சொல்லாதீர்கள். "திங்கள் முதல் வியாழன் வரை இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை உறுதி, வெள்ளி பிற்பகல் முதல் ஞாயிறு வரை பயண நேரம், செய்திக்குப் பதில் தாமதமாகும்" என்று வரையறுத்துச் சொல்லுங்கள். தாய்லாந்து நேரம் மலேசியாவை விட ஒரு மணி பின்தங்கியது என்பதால், பினாங்கின் 9 மணிக் கூட்டத்தை லிபேவில் 8 மணிக்கே தொடங்கி முடித்துவிட்டு நீச்சலுக்குப் போகலாம். கூட்டத்தைக் காலையில் வைத்துக்கொள்வதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. பி பி, லிபே போன்ற தீவுகளில் பருவகாலத்து மாலைகளில் கரை முழுக்க மக்கள் செல்பேசியோடு உட்கார்ந்திருப்பார்கள்; கோபுரம் திணறும். காலையில் அதே கோபுரம் ஏறக்குறைய உங்களுக்கே சொந்தம். வெளிநாட்டில் இருந்து வேலை செய்வதற்கான விசா என் துறை இல்லை. தாய்லாந்து 2024இல் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கென ஒரு விசாவைத் தொடங்கியிருக்கிறது, அது உங்களுக்கு வேண்டுமா என்று குடிவரவு விவகாரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

புறப்படுவதற்கு முன் லங்காவியிலேயே ஒரு வாரம் ஒத்திகை பாருங்கள். படகுத்துறையில் கட்டிக்கொண்டு, கரை மின்சாரத்தைச் செருகிக்கொண்டு பார்ப்பது ஒத்திகை ஆகாது. கூவா முன்னாலோ தெலாகா அருகிலோ நங்கூரமிட்டு, உண்மையான வேலை வாரம் ஒன்றை முழுதாக ஓட்டுங்கள். ஒவ்வொரு நாளும் கூட்டத்துக்கு முன் பதிவேற்ற வேகத்தையும், விடியற்காலையில் சூரியன் எழுமுன் பேட்டரியின் அளவையும் குறித்து வையுங்கள். ஐந்தாம் நாள் விடியலில் ஈய-அமில பேட்டரி பாதிக்குக் கீழேயோ, லித்தியம் பேட்டரி 30 விழுக்காட்டுக்குக் கீழேயோ இறங்கியிருந்தால், இன்னொரு பலகை பொருத்திய பிறகு கிளம்புங்கள். இறங்கவில்லை என்றால் குடிவரவு முத்திரை வாங்கிக்கொண்டு மறுநாளே லிபேவுக்குப் பாயை விரிக்கலாம்.